எல்லா மூலிகையையும் ஒரே சட்டியில் போட்டுக் காய்ச்சலாமா?

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கும் கேள்வி இது. ஐப்பசியில் அடைமழை பிடித்தால் தை முடிகிற வரைக்கும் அவருக்கு மூக்கடைப்பு. நெஞ்சில் சளி கட்டிக்கொள்கிறது. காலையில் எழுந்தால் மண்டை கனம், பசி கிடையாது, பத்து மணிக்கே கண் சொருகுகிறது. ஆயுர்வேதத்தில் இதற்கு என்ன மூலிகை, எவ்வளவு, எத்தனை நாள் என்று கேட்கிறார். இப்போதைக்குத் துளசி, ஆடாதோடை, தூதுவளை, கற்பூரவல்லி, சுக்கு, மிளகு, திப்பிலி, அதிமதுரம் என்று கையில் கிடைப்பதை எல்லாம் ஒன்றாகப் போட்டுக் காய்ச்சி மாதக்கணக்கில் குடித்து வருகிறாராம். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் அம்மாவுக்கும், அக்காவின் ஒன்பது மாதப் பிள்ளைக்கும் அதையே கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

தங்கச்சி, நீங்கள் போடும் மூலிகைகளில் ஒன்றுகூடத் தவறானது இல்லை. எல்லாமே சளிக்கு நல்லவைதான். எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போடுவதும், நிறுத்தாமல் குடிப்பதும்தான் தவறு. சளிக்குப் பருவம் உண்டு. மூக்கில் தண்ணீராக ஒழுகும் நாளுக்கு ஒரு மருந்து, நெஞ்சில் கட்டிக்கொண்ட நாளுக்கு ஒரு மருந்து, வறட்டு இருமல் மட்டும் மிச்சம் இருக்கும் நாளுக்கு வேறு மருந்து. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் உங்கள் செலவில் பாதி குறைந்துவிடும். நான் செங்கோட்டைப் பக்கம் ஆயுர்வேதம் பார்க்கிறவன். மழைக்காலத்தில் என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் மருந்து போதாமல் வருவதில்லை, பொருந்தாத மருந்தை விடாமல் குடித்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

முதலில் மந்தத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வேர் அங்கேதான் இருக்கிறது. ஆயுர்வேதத்தில் சளியும் மந்தமும் இரண்டு நோய் இல்லை. கபத்தின் குணம் கனம், குளிர்ச்சி, பிசுபிசுப்பு, மெத்தனம். அது நெஞ்சில் கூடினால் சளி, வயிற்றில் கூடினால் பசியின்மை, உடம்பு முழுக்கக் கூடினால் அசதி. கபத்தைக் கட்டுக்குள் வைப்பது வயிற்றில் இருக்கும் அக்கினி. அது மங்கினால் தின்றது சரியாகச் செரிக்காமல் ஆமமாகத் தங்கும். காலையில் நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பாருங்கள். வெள்ளையாகத் தடித்துப் படிந்திருந்தால், நேற்று ராத்திரி சாப்பிட்டது இன்னும் முடியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நிலையில் எவ்வளவு ஆடாதோடை குடித்தாலும் சளி மறுபடி ஊறிக்கொண்டேதான் இருக்கும். பசியை மீட்டால் மூக்கும் தானாகப் பாதி திறக்கும்.

காலைப் பொழுதும் முன்னிரவும் கபம் ஓங்கும் வேளைகள் என்பது ஆயுர்வேதக் கணக்கு. நீங்கள் பத்து மணிக்குக் கண் சொருகுவதாகச் சொல்வது அதோடு ஒத்துப்போகிறது. பருவத்திலும் இதே ஏற்ற இறக்கம் உண்டு. குளிர்காலத்தில் கபம் சேரும், வெயில் ஏறும்போது இளகிக் கிளம்பும். மார்கழிப் பனியில் சேர்ந்தது மாசி, பங்குனியில் தடுமனாக வெளியே வருவது நம் ஊரில் சகஜம். தென்காசி, குற்றாலம் பக்கம் இருப்பவர்களுக்கு ஆனி, ஆடிச் சாரலில் இன்னொரு சுற்று நடக்கும்.

ஆனால் மருந்துக்குப் போகும் முன் சில விஷயங்களைத் தள்ளிவிட வேண்டும். மூக்கடைப்புக்குக் கடையில் வாங்கும் சளி மாத்திரை தினமும் போடுகிறீர்களா? அவற்றில் பலவற்றில் குளோர்ஃபெனிரமின் போன்ற தூக்கம் தரும் மருந்து இருக்கும். மூக்கு ஒழுகல் நிற்கும், ஆனால் மறுநாள் காலை வரை மண்டை மப்பாக இருக்கும். நீங்கள் மந்தம் என்று சொல்வது அந்த மாத்திரையின் வேலையாகக்கூட இருக்கலாம். மூக்கில் விடும் ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் சொட்டு மருந்தும் அப்படித்தான். நாலைந்து நாளுக்கு மேல் விட்டால் அந்த மருந்தே அடைப்பை உண்டாக்கும். விட்டால் திறக்கும், விடாவிட்டால் முன்னைவிட மோசமாக அடைக்கும். இதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு எந்த மூலிகையும் பலிக்காது. சொட்டு மருந்தை நிறுத்துவதுதான் வழி.

வீட்டில் பீடி சுற்றுகிறார்களா என்பதும் முக்கியம். முக்கூடல், ஆலங்குளம், கடையம் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் அது பிழைப்பு. புகையிலைத் தூள் அடைத்த அறையில் பகலெல்லாம் உட்கார்ந்துவிட்டு ராத்திரி அதே அறையில் படுத்தால் மூக்கும் நெஞ்சும் எப்படித் தெளியும்? பீடித் தட்டை வாசல் பக்கமோ திண்ணைக்கோ மாற்றி, காற்றோட்டத்தில் சுற்றி, ஈரத் துணியால் தரையைத் துடைத்தாலே பலருக்கு வித்தியாசம் தெரிகிறது. அரிசி ஆலைத் தவிடு, செங்கல் சூளைப் புகை, விறகடுப்பு எல்லாம் இந்த வகைதான்.

அப்புறம், மாதக்கணக்கில் அசதி என்றால் இரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நம் பெண்களுக்கு இரத்தசோகை அதிகம். அதைக் கபம் என்று நினைத்துச் சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகம் தின்றால் வயிறுதான் எரியும். குறட்டை பலமாக இருந்து, தூக்கத்தில் மூச்சு தடைப்பட்டு, பகலில் தூங்கி வழிகிறவர்களுக்கும் வேறு சிகிச்சை வேண்டும்.

இவை எதுவும் இல்லை என்றால் இப்போது மூலிகைக்கு வருவோம்.

தடுமன் பிடித்த முதல் இரண்டு மூன்று நாள். தும்மல், மூக்கில் தண்ணீர், உடம்பு வலி, பசி இல்லை. இந்த நேரத்தில் சுக்கு போதும். சுக்குக்குப் புற நஞ்சு, கடுக்காய்க்கு அக நஞ்சு என்பார்கள். ஆகவே தோலைச் சீவிவிட்டு, கட்டைவிரல் கணு அளவு சுக்கைத் தட்டி, நாலைந்து மிளகோடு இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு டம்ளராக வற்றவிடுங்கள். உடன்குடிக் கருப்பட்டி துளி போட்டுக்கொள்ளலாம், பால் வேண்டாம். இதைக் கொஞ்சம் கொஞ்சமாக அன்று முழுக்கச் சூடாகக் குடிக்க வேண்டும். பசி இல்லாத நேரத்தில் வலுக்கட்டாயமாகச் சாப்பிடக் கூடாது. மிளகு ரசம் விட்ட குழைந்த சாதமோ, அரிசி நொய்க்கஞ்சியோ போதும். ஆயுர்வேதம் இதை லங்கனம் என்கிறது, அதாவது வயிற்றுக்கு ஓய்வு. இந்த நாட்களில் ஆடாதோடை, அதிமதுரம் எதுவும் தேவையில்லை. மூக்கில் தைலம் விடுவதும் இப்போது ஆகாது. புதுத் தடுமனில் நசியம் செய்யக் கூடாது என்று சாத்திரமே விலக்கியிருக்கிறது.

தலை கனத்து நெற்றி வலித்தால் சுக்கை இழைத்துப் பத்துப் போடலாம், அல்லது சித்த மருந்துக் கடையில் கிடைக்கும் நீர்க்கோவை மாத்திரையை வெந்நீரில் உரசி நெற்றியில் பூசலாம். அது வெளியே பூச மட்டும்தான். மாத்திரை என்ற பெயரைப் பார்த்து விழுங்கிவிட வேண்டாம்.

அடுத்தது சளி கெட்டியாகி நெஞ்சில் கட்டிக்கொள்ளும் கட்டம். இருமினால் வராது, வந்தால் கயிறு மாதிரி வரும். ஆடாதோடைக்கு இதுதான் நேரம். நம் பக்கத்தில் இதை வேலியாக வைத்திருப்பார்கள், கசப்பினால் ஆடு வாய் வைக்காது. இதன் இலையில் வாசிசின் என்ற ஒரு பொருள் இருக்கிறது. அதைப் பின்பற்றித்தான் ப்ரோம்ஹெக்சின் என்ற நவீன மருந்தைச் செய்தார்கள். சளியை இளக்க ஆங்கில மருத்துவர்கள் எழுதித் தரும் ஆம்ப்ராக்சால் அதன் வழியில் வந்ததுதான். ஆகவே ஆடாதோடை சளியை இளக்குகிறது என்பது வெறும் பாட்டி நம்பிக்கை இல்லை.

செய்முறையைச் சொல்கிறேன். நோய் இல்லாத, முற்றிய இலை இரண்டு அல்லது மூன்று. கழுவி, நடு நரம்பைக் கிள்ளி எடுத்துவிட்டுப் பொடியாக நறுக்குங்கள். மண் சட்டியிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ இரண்டு டம்ளர் தண்ணீர் விட்டு, மூடாமல், சிறு தீயில் அரை டம்ளராக வற்றும் வரை காய்ச்ச வேண்டும். தண்ணீர் பழுத்த தேயிலை நிறத்துக்கு வரும்போது அடுப்பிலிருந்து ஒரு பச்சைக் கசப்பு வாடை கிளம்பும். அதுதான் பதம். வடிகட்டி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு அரை ஸ்பூன் தேனும் ஒரு சிட்டிகை திப்பிலித் தூளும் கலந்து குடியுங்கள். கொதிக்கிற கஷாயத்தில் தேனை ஊற்றுவது ஆயுர்வேதத்துக்கு ஆகாது. காலையிலும் மாலையிலும் பாதிப் பாதியாக, ஐந்து முதல் ஏழு நாள். சளி இளகி வெளியே வரத் தொடங்கியதும் நிறுத்திவிடலாம். கர்ப்பமாக இருப்பவர்கள் ஆடாதோடையைத் தொடவே வேண்டாம், அது கருப்பையைச் சுருங்கச் செய்யும்.

கற்பூரவல்லியும் துளசியும் இதைவிட மென்மையானவை. ஆடாதோடைக் கசப்பு இறங்காத பெரிய பிள்ளைகளுக்குக் கற்பூரவல்லி இலையை ஆவியில் வாட்டி, பிழிந்த சாற்றில் ஒரு ஸ்பூன் எடுத்துத் தேன் விட்டுக் கொடுக்கலாம். அதற்குமேல் இவற்றைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

மூன்றாவது கட்டம் பலருக்குத் தெரியாமல் போகிறது. சளி போய்விட்டது, தொண்டையில் அரிப்பு, வறட்டு இருமல், ராத்திரி படுத்தால் விட்டு விட்டு இருமுகிறது. இப்போதும் மிளகும் திப்பிலியும் குடித்தால் தொண்டை இன்னும் காய்ந்து இருமல் கூடும். காரத்தை நிறுத்திவிட்டு இதமான மருந்துக்கு மாற வேண்டும். ஒரு சிறு துண்டு அதிமதுரமோ சித்தரத்தையோ வாயில் அடக்கி, ஊறும் நீரை விழுங்குங்கள். பெரியவர்களும் ஒரு வயது தாண்டிய பிள்ளைகளும் படுக்கப் போகும் முன் ஒரு ஸ்பூன் தேன் சாப்பிட்டால் இருமல் அடங்கும். இதை இன்றைய மருத்துவமும் ஒத்துக்கொள்கிறது. உங்கள் சட்டியில் காரமும் அதிமதுரமும் ஒன்றாகக் கிடப்பதால் ஒன்றின் வேலையை மற்றது கெடுக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

தூதுவளையை வேண்டுமென்றே கடைசியில் வைத்தேன். அது நோய் நாளுக்கு உரியதைவிடத் தேறும் நாளுக்கு உரியது. தடுமன் போய், உடம்பு மட்டும் தேறாமல் பசியும் சுறுசுறுப்பும் வராமல் இழுத்துக்கொண்டு கிடக்கும்போது தூதுவளைத் துவையலுக்கு ஈடு இல்லை. ஊதாப் பூவும் சிவந்த சின்னப் பழமுமாக வேலியில் படர்ந்து கிடக்கும் கொடி, தண்டிலும் இலை நரம்பிலும் கொக்கி முள். கொழுந்து இலையாகப் பறித்து, பின்பக்க நரம்பில் இருக்கும் முள்ளைக் கத்தி முனையால் சுரண்டிவிட்டு, ஒரு ஸ்பூன் நெய்யில் சுருள வதக்குங்கள். வதங்கும்போது மிச்சம் இருக்கும் முள்ளும் துவண்டுவிடும். வறுத்த உளுந்தம்பருப்பு, மிளகு, துளி புளி, உப்பு வைத்து அம்மியில் அரைத்து, சூடான சோற்றில் நெய் விட்டு முதல் கவளமாகப் பிசைந்து சாப்பிட வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாள் போதும். இதையே ரசமாகவும் வைக்கலாம். தொட்டியில் வைத்தாலும் வளரும். குச்சி நட்டாலோ விதை போட்டாலோ வந்துவிடும்.

மந்தத்துக்கென்று தனியாக ஒன்று வேண்டுமென்றால் திரிகடுகம். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சம அளவு. கால் ஸ்பூன், சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னால், தேனிலோ வெந்நீரிலோ. பசி திரும்பியதும் நிறுத்திவிட வேண்டும், எப்படியும் இரண்டு வாரத்துக்கு மேல் போக வேண்டாம். நெஞ்செரிச்சல், குடல்புண், மூலத்தில் இரத்தம் போவது இதெல்லாம் உள்ளவர்களுக்கு இது ஆகாது. திப்பிலி, உப்பு, காரம் (சாம்பல் உப்பு வகை) மூன்றையும் நெடுநாள் அதிகமாகச் சாப்பிடக் கூடாது என்று சரக சம்ஹிதை பெயர் சொல்லியே எச்சரிக்கிறது. திப்பிலியை இவ்வளவு புகழ்ந்த மருத்துவமே அளவையும் வைத்திருக்கிறது. நீங்கள் மாதக்கணக்கில் குடிக்கும் கஷாயத்தில் அது தினமும் இறங்குகிறது, கவனியுங்கள்.

மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின், மற்ற மருந்துகள் இரத்தத்தில் சேரும் அளவைக் கூட்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினோடு பைப்பரின் சேர்த்து, குறைந்த அளவிலேயே வேலை செய்யும் மாத்திரையை நம் நாட்டிலேயே செய்திருக்கிறார்கள். நல்லதுதான், ஆனால் வலிப்புக்கு ஃபெனிட்டாயின் சாப்பிடுகிறவருக்கும், இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கும் அளவு கூடுவது ஆபத்து. ரசத்தில் போடும் மிளகு பிரச்சினை இல்லை. ஸ்பூன் கணக்கில் சூரணமாகச் சாப்பிடும் முன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஆவி பிடிப்பதைப் பற்றி. நொச்சி நம் வாய்க்கால் கரையெல்லாம் நிற்கிறது, காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. இரண்டு கை நொச்சி இலை, ஒரு ஸ்பூன் மஞ்சள்தூள். கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, பாத்திரத்தைத் தரையில் அசையாத இடத்தில் வைத்து, ஐந்து நிமிடம் போர்வைக்குள் மூச்சை இழுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை போதும். வெந்நீர் கவிழ்ந்து தொடையும் வயிறும் வெந்துபோன பிள்ளைகளை மழைக்காலத்தில் மருத்துவமனைகளில் பார்க்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு இந்த வேலையே வேண்டாம். ஆவி அடைப்பை இளக்கும், அதற்குமேல் நோயைப் போக்கிவிடாது. தைல டப்பாவில் இருக்கும் மென்தாலும் கற்பூரமும் மூக்கு திறந்த மாதிரி ஒரு குளிர்ச்சியைத் தருமே தவிர, காற்றுப் போகும் வழியை அகலமாக்குவதில்லை. தூக்கம் வர உதவினால் தடவிக்கொள்ளுங்கள், தவறில்லை. மஞ்சள் கொம்பை விளக்கில் சுட்டுப் புகையை இழுக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. இளைப்பு (ஆஸ்துமா) உள்ளவர்களுக்கு அது மூச்சுத் திணறலைக் கிளப்பிவிடும். அவர்கள் எந்தப் புகையும் இழுக்க வேண்டாம்.

எங்கள் செங்கோட்டை 1956 நவம்பர் வரைக்கும் திருவிதாங்கூர் பக்கம் இருந்த ஊர். அதனால் கேரளப் பழக்கம் ஒன்று இன்னும் வீடுகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தலைக்குக் குளித்துத் துவட்டியதும் உச்சியில் ஒரு சிட்டிகை ராஸ்னாதி சூரணத்தைத் தேய்த்துவிடுவார்கள். தலைக்குக் குளித்தாலே மூக்கு அடைக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். செலவும் குறைவு, உள்ளே எதுவும் போவதில்லை. தினமும் தலைக்கு ஊற்ற வேண்டும் என்பதும் இல்லை, மழை நாளில் வெயில் வந்த பிறகு குளித்தால் நல்லது. பழைய மூக்கடைப்புக்கு அணு தைலம் மூக்குக்கு இரண்டு சொட்டு விடுவது நல்ல சிகிச்சைதான், ஆனால் முதல் தடவை மருத்துவர் முன்னால் செய்துகொள்ளுங்கள். உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுகிறவர்கள் கொதித்து ஆறிய தண்ணீரை மட்டும் எடுக்க வேண்டும். ஆற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர் கூடாது. மூக்கு வழியாக மூளைக்குப் போகும் அமீபா அபூர்வமானது, ஆனால் உயிரைக் குடிப்பது.

சாப்பாட்டைச் சொல்லாமல் மருந்தை மட்டும் சொன்னால் பாதிப் பதில்தான். நம் ஊர்ச் சமையலில் கபத்தைக் கூட்டும் பண்டமும் உண்டு, அதை அடக்கும் பண்டமும் பக்கத்திலேயே உண்டு. சொதியை எடுத்துக்கொள்ளுங்கள். தேங்காய்ப்பால், உருளைக்கிழங்கு, பாசிப்பருப்பு, எல்லாம் கனம். அதனால்தான் மறுவீட்டுச் சொதிக்கு இஞ்சித் துவையல் இல்லாமல் இலை போட மாட்டார்கள். அந்தத் துவையலை ஒதுக்கிவிட்டுச் சொதியை மட்டும் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுப் படுத்தால் சாயங்காலம் மந்தம் வராமல் என்ன செய்யும்? உளுந்தஞ்சோறும் அல்வாவும் நல்ல பசி உள்ளவனுக்குப் பலம் தரும். தடுமனில் கிடக்கிறவனுக்கு அவை ஆகா.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ராத்திரி எட்டு மணிக்குள் சாப்பாட்டை முடித்துவிடுங்கள், அதுவும் இட்லி, இடியாப்பம், ரசம் சாதம் என்று லேசாக. ராத்திரியில் தயிர் வேண்டாம். ஆயுர்வேதம் இதில் கறார். மத்தியானம் சாப்பிட்டதும் படுக்க வேண்டாம், பகல் தூக்கத்தைப் போலக் கபத்தை வளர்ப்பது வேறில்லை. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் கொள்ளு ரசம் வையுங்கள். காலையில் வெயில் ஏறத் தொடங்கும்போது வியர்க்கிற அளவுக்கு அரைமணி நேரம் நடங்கள். இந்த நடையைத் தவறாமல் செய்கிறவர்கள் மறு வருடம் அதே நோய்க்கு என்னிடம் வருவது குறைந்துவிடுகிறது.

கடைச் சூரணங்களில் ஒரு எச்சரிக்கை. சிதோபலாதி சூரணம் இருமலுக்குப் பெயர் பெற்றது. அதன் கணக்கு கற்கண்டு 16 பங்கு, மூங்கிலுப்பு 8, திப்பிலி 4, ஏலக்காய் 2, லவங்கப்பட்டை 1. அதாவது பாதிக்குமேல் கற்கண்டு. தாளிசாதி சூரணத்தில் மொத்தம் 48 பங்கில் 32 பங்கு சர்க்கரை. ஆடாதோடை மணப்பாகு சர்க்கரைப் பாகேதான். மூலிகை மருந்துதானே என்று சர்க்கரை நோயாளிகள் இவற்றை ஸ்பூன் ஸ்பூனாகச் சாப்பிட்டுவிட்டு, சர்க்கரை ஏன் ஏறியது என்று திகைக்கிறார்கள். அவர்களுக்குக் கஷாயம்தான் சரி. வாசாரிஷ்டம் மாதிரி அரிஷ்டங்களில் புளிக்கும்போது தானாக உண்டாகும் ஆல்கஹால் கொஞ்சம் இருக்கும், கல்லீரல் நோய் உள்ளவர்கள் விலக வேண்டும்.

வாங்கும்போது முழுச் சரக்காக வாங்கி வீட்டில் இடியுங்கள். தூளாக வாங்கினால் என்ன கலந்தது என்று தெரியாது. மிளகில் காய்ந்த பப்பாளி விதை கலப்பது பழைய தந்திரம். தண்ணீரில் போட்டால் பப்பாளி விதை மிதக்கும், நல்ல மிளகு மூழ்கும். திப்பிலியை உடைத்து நாக்கில் வைத்தால் முதலில் லேசான இனிப்பு, பிறகு விறுவிறுவென்று காரம் ஏற வேண்டும். சப்பென்று இருந்தால் பழசு. அதிமதுரம் உள்ளே மஞ்சளாக, நார் நாராக, வாயில் போட்டதும் இனிக்க வேண்டும். பெயரில்லாத பொட்டலத்தில் இளைப்புக்கு என்று விற்கும் தூளை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். ஒரே நாளில் மூச்சு சரியாகிவிட்டது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். உரிம எண்ணும் தயாரித்த தேதியும் இல்லாத மருந்தைத் தொட வேண்டாம். களக்காடு, முண்டந்துறைக் காட்டுக்குள் போய்ப் பறிப்பதும் வேண்டாம். அது புலிகள் காப்பகம், நமக்கு வேண்டிய ஆடாதோடையும் நொச்சியும் ஊருக்குள்ளேயே கிடைக்கின்றன. இலையில் சந்தேகம் இருந்தால் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். 1964-இல் தொடங்கிய இடம் அது. இந்த மூலிகைகள் சித்தத்துக்கும் ஆயுர்வேதத்துக்கும் பொதுச் சொத்து.

உங்கள் அம்மாவுக்கு அந்தக் கஷாயம் வேண்டாம். காரணம் அதிமதுரம். அதில் உள்ள கிளைசிரைசின் உடம்பில் உப்பைத் தங்கவைத்து, பொட்டாசியத்தை வெளியேற்றி, இரத்த அழுத்தத்தை ஏற்றும். நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு இது இரட்டைக் கேடு. அவருக்குச் சுக்கு வெந்நீரும் தூதுவளை ரசமும் போதும். இன்னொன்றையும் பாருங்கள். அவருக்குச் சளியே இல்லாமல் வறட்டு இருமல் மட்டும் விடாமல் இருந்தால், மாத்திரைச் சீட்டில் எனலாப்ரில், ராமிப்ரில் மாதிரி பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வகை மாத்திரைகள் சிலருக்கு இருமலை உண்டாக்கும். தானாக நிறுத்த வேண்டாம், எழுதித் தந்தவரிடம் சொன்னால் வேறு மாத்திரை மாற்றித் தருவார்.

பெரியவர்கள் யாராக இருந்தாலும் இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் கஷாயத்தை நிறுத்திவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும், காசநோய்க்கு அங்கே பரிசோதனையும் மருந்தும் இலவசம். சளியில் இரத்தம், எடை குறைதல், சாயங்காலக் காய்ச்சல், மூச்சு வாங்குதல், மூன்று நாளுக்கு மேல் விடாத காய்ச்சல் இருந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

ஒன்பது மாதப் பிள்ளைக்கு அந்தக் கஷாயத்தை ஒரு சங்குகூடக் கொடுக்காதீர்கள். ஒரு வயது முடியும் வரை தேன் நாக்கில் தொட்டுவைக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து, பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து உடம்பைத் தளர்த்திவிடும் நோயைக் கொண்டுவரும். கற்பூரம், தைலம் எதையும் மூக்கிலோ நெஞ்சிலோ தடவ வேண்டாம். கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரும். சாம்பிராணிப் புகையும் வேண்டாம். மூக்கில் எண்ணெய் விட்டு ஊதிச் சளி எடுக்கும் வழக்கமும் வேண்டாம், எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். உரைகல்லில் வசம்பு உரசி ஊட்டுவதையும் விட்டுவிடுங்கள். பிள்ளைக்கு வேண்டியது தாய்ப்பால், அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக. மூக்கு அடைத்தால் மருந்துக்கடையில் கிடைக்கும் வெறும் உப்புநீர்ச் சொட்டு, பால் குடிக்கும் முன் ஒவ்வொரு துளி. பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி நெஞ்சைப் பார்த்து, ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். ஒரு நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் போனாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.